கேப்டன் நாற்காலி யாருக்கு?

"வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த நாட்டில் உங்களுக்கு விண்கப்பல் சண்டை கேட்கிறதா?" இப்படிக் கேட்டவர்கள் வெளியாட்கள் இல்லை, நம் தோழர்கள்தான். ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஆலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களோடு படிப்பக மேசையில் அட்டைக் கப்பல்களைப் பரப்பி நாங்கள் ஆட்டம் நடத்துவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் போராட்டத்தில் நாம் காப்பாற்றியது ஒரு நாளின் நான்கு மணி நேரத்தை. அந்த நான்கு மணி நேரம் எதற்கு என்று நாம் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. உறங்க, துணி துவைக்க, ஊருக்குப் போன் பேச என்று மட்டும் சொன்னால் அது முதலாளி சொல்லும் கணக்குதான்: மறுநாள் வேலைக்கு உடம்பைத் தயார் செய்யும் கணக்கு. விளையாட்டும் அந்த நேரத்தின் உரிமைதான் என்கிறோம் நாங்கள்.

2024 பிப்ரவரியில் காமிக் கான் முதல் முறையாகச் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி, போரூர் வழியாகப் பஸ்ஸிலேயே போய்விடலாம். தூரம் தடையே இல்லை. சனி ஞாயிறு விடுப்பு, நுழைவுச்சீட்டுக்குக் காசு, ஆங்கிலத்தில் யாராவது விதி சொன்னால் கூச்சப்படாமல் "புரியல, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கும் துணிச்சல், இவைதான் தடை. ஷிப்ட் வேலையில் ஓய்வு நாள் எந்தக் கிழமை என்பதே நம் கையில் இல்லை.

ஆனால் இந்த விளையாட்டு மாநாடுகளின் பிறப்பு ஒன்றும் பெரிய இடத்துப் பிறப்பு அல்ல. 1968-ல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், வாடகை மண்டபம் ஒன்றில் தொடங்கியது ஜென் கான். தொடங்கிய கேரி கைகாக்ஸ், பிறகு காப்பீட்டு நிறுவன வேலை போனதும் செருப்புத் தைத்துப் பிழைத்தார். அந்த நாட்களிலிருந்துதான் 1974-ல் டேவ் ஆர்னசனோடு சேர்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டு வந்தார். செருப்புத் தைத்தது அவருக்கு ஒரு தொழிலாக வந்தது, போனது. நம் ஊரில் அது போவதில்லை என்பதை இதைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் ஆடுவது 'ஃபுல் த்ரஸ்ட்'. ஜான் டஃப்லி 1991-ல் வெளியிட்ட பிரிட்டிஷ் விளையாட்டு. விதிப்புத்தகம் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பொம்மை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கறுப்புத் துணி, அட்டையில் வெட்டிய கப்பல், ஸ்கேல், பென்சில் போதும். மேசை சிறியது என்பதால் அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கிவிட்டோம். மாநாடுகளில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக நான்கு மணி நேரம் ஒதுக்குவார்கள்; நாங்களும் அப்படியே.

இதன் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் தங்கள் கப்பலின் நகர்வை முதலில் தாளில் ரகசியமாக எழுத வேண்டும். "இடது 2, வேகம் +2" என்பது போல. உந்துவிசை 4 உள்ள கப்பலுக்கு அதற்கு மேல் முடியாது, திருப்பத்துக்கு அதில் பாதிதான். திசையைக் கடிகார முகம் போலப் பன்னிரண்டாகப் பிரித்திருப்பார்கள். எழுதி முடித்ததும் எல்லாத் தாளும் ஒரே நேரத்தில் திறக்கும், எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் நகரும். பெரியவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப ஒதுங்கி நிற்க இங்கே வழியில்லை. முதலில் குரல் கொடுப்பவருக்கும் எந்த லாபமும் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் நம்மவர்களின் முறை எப்போது வரும் என்று அறிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

விதி மட்டும் சாதியைத் துரத்திவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அணியாக ஆடும்போது என்ன நடக்கிறது தெரியுமா? டிப்ளமோ படித்த தம்பி தானாகவே அட்மிரல் ஆகிவிடுகிறார். ஒப்பந்தத் தொழிலாளியான அக்காவின் தாளில் எதை எழுத வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். பல்வங்கர் பாலூவை நினைத்துக்கொள்ளுங்கள். 1911-ல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த தலித் பந்துவீச்சாளர். புனே மைதானத்தில் அவருக்குத் தேநீர் வெளியே, மண் குவளையில். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி கடைசி வரை அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் கேப்டனாக 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பந்து போட நம் கை வேண்டும், திட்டம் போட நம் தலை வேண்டாம். இந்த ஆலைப் பகுதியிலும் அசெம்பிளி லைனில் இதே ஏற்பாடுதான். அதனால் எங்கள் மேசையில் அட்மிரல் கிடையாது. அடுத்தவர் தாளைத் தொட்டால் அந்தச் சுற்றில் அவருடைய கப்பல் சுடாது.

இதைவிட முக்கியம் நடுவர் நாற்காலி. மேசையை நடத்துபவருக்குத்தான் விதி தெரியும், சந்தேகம் வந்தால் தீர்ப்பும் அவருடையது. ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவரே என்றென்றும் நடுவர் என்றால் அது இன்னொரு அக்ரகாரம். விதிகளைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குச் சுருக்கினோம். இந்த வாரம் கற்றவர் அடுத்த வாரம் நடத்துகிறார். தடுமாறுவார், பரவாயில்லை.

சுருக்கும்போது ஒரு சொல் எங்களை நிறுத்தியது: பகடை. தென்மாவட்டத் தோழர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அது உருட்டும் காய் மட்டுமல்ல. மாநிலப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர், தெருவில் வசையாகவும் கேட்ட பெயர். பூலித்தேவனின் படைத்தளபதி ஒண்டிவீரனின் பெயரோடு சேர்ந்து வருவதும் அதுதான். 'டைஸ்' என்று போட்டு நழுவலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் பகடை என்றே அச்சிட்டோம், முதல் கப்பலுக்கு ஒண்டிவீரன் என்று பெயர் வைத்தோம். அடுத்து மீனாம்பாள், ரெட்டைமலை. ரெட்டைமலை இரண்டாவது சுற்றிலேயே வெடித்துச் சிதறியதில் சிலருக்கு உண்மையாகவே வருத்தம்.

வேங்கைவயல் கேள்விக்கு வருவோம். மனு எழுதுவதும் கூட்டம் போடுவதும் நிற்கவில்லை. ஆனால் மனு எழுதும் கூட்டத்திலும் யார் சொல்ல, யார் எழுத என்ற பிரிவினை நமக்குள்ளேயே இருக்கிறது. நான்கு சுற்று தானே யோசித்து, தானே எழுதி, கப்பலை இழந்தும் பார்த்தவர், சங்கக் கூட்டத்தில் இடைமறித்துப் பேசுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எல்லாரும் அல்ல, சிலர்.

பீம் ஆயுதப் பகுதி தமிழில் முடிந்துவிட்டது: பகடையில் 4, 5 விழுந்தால் ஒரு சேதம், 6 விழுந்தால் இரண்டு. ஏவுகணைப் பகுதி பாக்கி. மாணவத் தோழர்கள் யாராவது எடுத்துக்கொண்டால் அடுத்த மாதமே மேசைக்கு வந்துவிடும். 'உந்துவிசை' பாடப்புத்தக வாடை அடிக்கிறது என்கிறார்கள். நல்ல சொல் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.