துண்டுச்சீட்டும் எச்-1பியும்

பரீட்சை முடிந்து சங்கரன்கோவிலுக்கு வந்து பத்து நாளாகிறது. எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் ஒரு கவர் இருக்கிறது. உள்ளே ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் கடிதம் (பிரிண்ட் எடுத்தது நான்தான்), கூடவே நாற்பது லட்சத்துக்கு ஒரு கல்விக்கடன் விண்ணப்பம். ஜாமீன் என்ற இடத்தில் எங்கள் வீட்டின் சர்வே நம்பர். அப்பா தறிக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கேட்கிறார். "கையெழுத்துப் போடணுமா, வேண்டாமாலே?"

இந்தப் பதிவு அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உங்களைப் பிடித்துக் கொண்டேன். :-) வக்கீல் யாராவது படித்தால் மன்னிக்கவும், நான் வெறும் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

முதலில் எங்கள் அண்ணன் கதை. பெரியம்மா மகன். 2019ல் மாஸ்டர்ஸ் படிக்கப் போனார், 2021ல் முடித்தார், உடனே வேலையும் கிடைத்தது. ஊரில் எல்லோரும் "பையன் அமெரிக்காவில் செட்டில்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் கையில் இருந்ததோ ஓபிடி. படிப்பை முடித்தவர்கள் 12 மாதம் வேலை பார்த்துக் கொள்ளலாம், அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு இன்னும் 24 மாதம் என்று கொடுக்கிற அனுமதி அது. அதற்குள் கம்பெனி உங்களுக்காக எச்-1பி விசா போட்டு அது குலுக்கலில் விழ வேண்டும். விழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2022, 2023, 2024 என்று மூன்று மார்ச் மாதமும் அண்ணன் பெயர் போட்டார்கள், மூன்றிலும் விழவில்லை. கோமதி அம்மன்கூட ஒற்றைக்காலில் தபசு இருந்து கடைசியில் சங்கரநாராயணரைப் பார்த்துவிட்டாள். பெரியம்மா மூன்று வருடமும் ஆடிச்சுற்று சுற்றியும் பிள்ளை 2024 ஆகஸ்டில் திரும்பி வந்தார்.

"அவனுக்குத் திறமை பத்தலையோ?" என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கேட்டார். இந்தக் கேள்விதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது.

எச்-1பி 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. வருடத்துக்கு 65,000 விசா. கம்ப்யூட்டர் காலத்தில் அதைத் தற்காலிகமாக ஏற்றி, 2001 முதல் 2003 வரை 1,95,000 வரை வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பக்கத்து மாமாக்கள் பலர் சுலபமாகப் போனதாகச் சொல்கிறார்களே, அது அந்தக் காலம். பிறகு பழைய 65,000க்கே இறக்கிவிட்டார்கள். 2004ல் இயற்றிய சட்டத்தில் அங்கேயே மாஸ்டர்ஸ் படித்தவர்களுக்கென்று 20,000 சேர்த்தார்கள். அவ்வளவுதான், கிணறு அதற்கு மேல் வெட்டப்படவில்லை. குடங்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

2023 மார்ச்சில் தகுதியான பதிவுகள் 7,58,994. தேர்வானவை 1,88,400. நாலுக்கு ஒன்று. இதில் கூத்து என்னவென்றால், அந்த ஏழரை லட்சத்தில் 4,08,891 பதிவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு வைத்திருந்த ஆட்களுடையவை. 2020லிருந்து ஆன்லைனில் பத்தே டாலரில் பெயர் கொடுக்கலாம் என்று ஆக்கினார்களா, ஒரே ஆளுக்கு ஐந்து கம்பெனி, பத்து கம்பெனி என்று சீட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணனுக்கும் ஒரு கன்சல்டன்சி ஆள் போன் பண்ணினாராம். "தம்பி, எட்டு கம்பெனி பேர்ல போட்டுத் தாரோம், செலவு மட்டும் நீங்க பாத்துக்கோங்க." அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். ஒரே சீட்டு. விழவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து எத்தனை பதிவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாய்ப்புதான் என்று விதியை மாற்றினார்கள். நேர்மைக்கு ஒரு வருடம் தாமதமாக வந்த மரியாதை!

அந்த மூன்று வருடத்தின் சராசரி வாய்ப்பை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் தோற்பது பத்தில் நாலு பேருக்கு நடக்கும். அங்கே மாஸ்டர்ஸ் படித்தவர்களுக்கு இரண்டு குலுக்கல் என்பதால் இது கொஞ்சம் குறையும். குறைந்தாலும், திரும்பி வந்த பையனைத் திறமையில்லாதவன் என்று சொல்வதற்கு இதில் எங்கே இடம்? சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்ற காலத்தில்கூட, பரிசு விழாதவனை யாரும் முட்டாள் என்று சொன்னதில்லை.

இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. 2025 மார்ச்சிலிருந்து பதிவுக் கட்டணம் 215 டாலர். அந்த வருடம் தகுதியான பதிவுகள் 3,43,981 ஆகக் குறைந்தன, 1,20,141 தேர்வாயின. மூன்றுக்கு ஒன்று, பரவாயில்லையே என்று நினைப்பதற்குள் 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். ஏறக்குறைய 90 லட்சம் ரூபாய். அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் "அமெரிக்கா முடிஞ்சுது மக்கா" என்று துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அக்டோபரில் வந்த விளக்கம் பலருக்குத் தெரியவில்லை: அங்கேயே மாணவர் விசாவில் இருந்துகொண்டு எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. என்னைப் போன்றவர்களைப் பயமுறுத்த வேண்டியது அதைவிட இன்னொரு விதி. வெறும் குலுக்கலாக இருந்ததைச் சம்பள நிலைப்படி மாற்றி, 2026 மார்ச் பதிவிலிருந்து நடைமுறை என்று முடிவெடுத்தார்கள். நான்காம் நிலைச் சம்பளக்காரர் பெயர் நாலு தடவை பெட்டிக்குள் போகும், முதல் நிலைக்காரர் பெயர் ஒரு தடவை. படிப்பை முடித்துவிட்டு வேலைக்குச் சேரும் பையனும் பெண்ணும் பெரும்பாலும் எந்த நிலையில் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, லண்டன் போகலாம் என்பீர்கள். அங்கே குலுக்கல் இல்லை, சம்பள வரம்பு. 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700க்கு ஏற்றினார்கள், 2025 ஜூலையில் 41,700. புதிதாகப் படித்து வருகிறவர்களுக்கு 33,400 என்று ஒரு சலுகை உண்டு. படிப்புக்குப் பிறகு வேலை தேடக் கொடுக்கும் இரண்டு வருடமும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். லண்டனைப் பற்றி இவ்வளவு போதும்.

என்னை உறுத்துவது வேறொன்று. பல நாடுகளில் இந்த விசா உங்கள் கையில் இல்லை, முதலாளி கையில் இருக்கிறது. மனு போடுவது அவர், வாபஸ் வாங்குவதும் அவர். வேலை போனால் அமெரிக்காவில் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். இந்த அறுபது நாள்கூட 2017ல்தான் விதியாக வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு இலங்கைத் தோட்டங்கள் ஞாபகம் வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு காப்பிக்கும் தேயிலைக்கும் போனார்கள். போய்ச் சேரும்போதே கடனாளி. அங்கே 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. இந்த ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். 1921ல்தான் அதை ஒழித்தார்கள்.

'ஏர்கண்டிஷன் ஆபீஸில் உட்கார்ந்து சம்பாதிப்பவனைத் தோட்டக்கூலியோடு ஒப்பிடுகிறாயா' என்று ஆட்டோ அனுப்பாதீர்கள். இரண்டும் ஒன்றில்லை, தெரியும். எச்-1பிக்காரர் கம்பெனி மாறலாம், 2000லிருந்து புது மனு போட்ட உடனேயே மாறி வேலை பார்க்கலாம். அட்டைக்கடிக்கும் பனிக்கும் நடுவில் செத்தவர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் கடனோடு போவது, பேப்பர் அடுத்தவர் கையில் இருப்பது, அதனால் வாயைத் திறக்கப் பயப்படுவது, இந்த மூன்றும் அப்படியே இருக்கிறதே. அண்ணன் முதல் கம்பெனியில் ராத்திரி பதினொரு மணி வரை வேலை பார்த்தார். ஏன் கேட்கவில்லை என்றேன். "மார்ச்ல பேர் குடுக்கணும்லடே" என்றார்.

பேப்பருக்காக எதையும் செய்யும் இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2019 ஜனவரி ஒன்றே போதும். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று. வகுப்பில்லை, வாத்தியாரில்லை. பணம் கட்டினால் மாணவர் அந்தஸ்து தொடரும், வேலை பார்க்கலாம். சுமார் 600 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். கடைசியில் பார்த்தால் அதை நடத்தியதே அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள்! வலை விரித்தவர்கள் செய்தது நியாயமா என்பது தனிச் சண்டை. அவர்களில் பலரைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள், கட்டிய பணம் போயே போய்விட்டது.

அமெரிக்கக்காரன் மட்டும் மோசம் என்று முடிக்கவும் மனசு வரவில்லை. நம் நாட்டில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் இங்கேயே வேலைக்கு இருக்க வேண்டுமென்றால்? இந்திய வேலை விசாவுக்கு, சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர் மாதிரி சில விதிவிலக்கு போக, வருடச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் வேண்டும். கேம்பஸில் நாலு லட்சத்துக்கு ஆஃபர் வாங்கியே இனிப்பு கொடுக்கிற கூட்டம் நாங்கள். என் கல்லூரியில் ஒரு ஆப்பிரிக்க சீனியர் நன்றாகப் படிப்பார், தமிழில் டீ கேட்பார். படித்து முடித்து ஊருக்குத் திரும்பிவிட்டார். எங்களில் ஒருவருக்கும் அது அநியாயமாகத் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

இனி வீட்டுக் கணக்கு. நாற்பது லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. அமெரிக்கச் சம்பளத்தில் இது ஒரு பொருட்டே இல்லை, அறுநூறு சொச்சம் டாலர்தான். கடன் விற்கிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும்தான் காட்டுவார்கள். குலுக்கலில் தோற்று சென்னையில் ஐம்பதாயிரத்துக்கு வேலை பார்க்கும் கணக்கை எந்த ஆளும் எங்கள் வீட்டில் வந்து போட்டுக் காட்டவில்லை. அண்ணன் இப்போது அந்தக் கணக்கில்தான் இருக்கிறார். பெரியப்பா வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில் இருக்கிறது. ஓபிடியில் சம்பாதித்த மூன்று வருடம் பாதிக் கடனை அடைத்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். குலுக்கல் விழுந்து, நன்றாக இருக்கிற இரண்டு பேரும் எங்கள் தெருவில் உண்டு.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படிப்பு நல்ல படிப்பு. ஆனால் திரும்பி வந்தாலும் இங்கே வாங்கும் சம்பளத்தில் அடைக்க முடிகிற கடனாக இருந்தால் மட்டும் போவது, அதுதான் என் முடிவு. நாற்பது லட்சத்துக்கு அது நடக்காது. இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, உதவித்தொகை தரும் இடமாகப் பார்த்துத் திரும்ப முயற்சி செய்வேன். அதற்குள் விதி இன்னும் இறுகலாம், இந்த வாய்ப்பு போனது போனதாகவே ஆகலாம். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது.

நேற்று ராத்திரி அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "போகலாம்டே, பத்திரத்த மட்டும் கொண்டு போகாத" என்றார். இதை எழுதி முடித்துவிட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தக் கவர எடுத்து உள்ள வை, கரண்டு பில்லு வைக்க இடமில்ல" என்றார்.