நைட் ஷிப்ட் பாட்டு

புனேயில் மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலேஜ் போகும் என் மகன் ஒரு ஆல்பத்தைப் போட்டுவிட்டு, "அப்பா, இது ராக்கா, கன்ட்ரியா, சொல்லுங்க பாப்போம்" என்றான். முதல் பாட்டிலேயே காது அடைத்துவிட்டது. சத்தத்தைக் குறைடா என்று சொல்ல வாயெடுத்தவன், பாட்டின் பெயரைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். 'கிரேவ்யார்ட் ஷிப்ட்'. அதாவது, நைட் ஷிப்ட்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் என் அப்பா முப்பது வருஷம் பார்த்த வேலை. தலையெல்லாம் பஞ்சோடு காலையில் சைக்கிளில் வந்து இறங்குவார். நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் தூங்கப் போவார்.

ஆல்பத்தின் பெயர் 'நோ டிப்ரஷன்'. அங்கிள் டுபெலோ என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பம், 1990-இல் வந்தது. ஜே ஃபரார், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் மூவரும் இலினாய் மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருக்கிற பெல்வில் ஊர்க்காரர்கள். ஃபராருக்கு அப்போது 23 வயது, ட்வீடிக்கு 22. பாஸ்டனுக்குப் போய், பத்தே நாளில், 3,500 டாலர் செலவில் பதிவு செய்து முடித்தார்கள்.

டிப்ரஷன் என்றால் இங்கே மனச்சோர்வு இல்லைங்க. 1930களில் வந்த பெரும் பொருளாதார மந்தம். சொர்க்கத்திலாவது இந்தக் கஷ்டம் இருக்காது என்று ஆறுதல் சொல்லும் பக்திப் பாட்டை 1936-இல் கார்ட்டர் ஃபேமிலி பதிவு செய்தார்கள். 54 வருஷம் கழித்து, கிதாரைக் கதறவிடும் பாட்டுகளுக்கு நடுவே இந்தப் பையன்கள் அதையும் பாடினார்கள். இரண்டையும் கலந்ததில் இவர்கள் முதல் ஆள் இல்லை. இருபது வருஷம் முன்பே கிராம் பார்சன்ஸ் செய்துவிட்டார். ஆனாலும் 1995-இல் தொடங்கிய ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி பத்திரிகை ஒன்று 'நோ டிப்ரஷன்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. குழுவோ 1994-லேயே உடைந்து, ட்வீடி வில்கோ என்றும் ஃபரார் சன் வோல்ட் என்றும் தனித்தனிக் கடை போட்டாயிற்று.

என் கட்சி இதுதான்: பழைய பாட்டைக் காப்பாற்ற வேண்டாம், பயன்படுத்த வேண்டும். இவர்கள் பழைய பாட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. ஃபாக்டரி, குடி, ஊரில் மாட்டிக்கொண்ட சலிப்பு என்று தங்கள் கதைக்குப் பக்கத்தில் அதையும் உட்கார வைத்தார்கள். அதனால் அது உயிரோடு இருக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? வருஷா வருஷம் பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளுக்குக் கும்மி சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு எழுத்து மாறினாலும் திருத்துகிறோம். மேடையை விட்டு இறங்கினால், அடுத்த பொங்கல் வரை ஒரு பிள்ளையும் அதை முணுமுணுப்பதில்லை. நடவுப் பாட்டு பாடிய கிழவி கலாசாரத்துக்காகவா பாடினாள்? இடுப்பு வலித்தது, பாடினாள். நம் பிள்ளைகளுக்கு வலிப்பது வேறு இடம். அதைச் சொல்ல அந்த மெட்டை அவர்கள் கையில் கொடுத்தால், கொஞ்சம் வளைப்பார்கள்தான். வளைக்கட்டுமே.

அன்று சாயந்தரம் அப்பாவுக்கு ஃபோன் போட்டோம். "தாத்தா, நைட் ஷிப்ட்ல பாட்டுப் பாடுவீங்களா?" என்று மகன் கேட்டான்.

"மிஷின் சத்தத்துல நம்ம பாட்டு நமக்கே கேக்காதுய்யா. ஆனாலும் பாடுவோம்."

அவர் பாடப்பாட இவன் எழுதிக்கொண்டான். இப்போது அதற்கு கிதார் வாசித்துப் பார்க்கிறான். சத்தம் அதிகம்தான். குறைக்கச் சொல்லவில்லை.