பல் டாக்டரும் என் பேரனும்

போன மாசம் ஆறு வயசுப் பேரனைச் சொத்தைப் பல்லுக்காக டவுனுக்குக் கூட்டிப் போனோம். வாயைத் திறக்க மாட்டேன்னுட்டான். கையைக் காலைப் பிடிச்சுக்கிட்டா முடிஞ்சிடும்னு என் மகன் எழுந்தான். நான் விடவில்லை. லாடம் அடிக்க மாட்டைச் சாய்ச்சுக் கட்டுவோம். அப்புறம் லாடக்காரர் குரல் கேட்டாலே அது மிரளும்.

விழுற பல்தானேன்னு விடவும் முடியாது. கடைவாய்ப் பால்பல் விழ பத்து, பன்னிரண்டு வயசாகும். ஆனா வீக்கம், காய்ச்சல் இல்லாதப்போ என்ன அவசரம்? டாக்டரம்மா கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, காத்து அடிக்கிற குழாயை உள்ளங்கையில் வச்சுக் காட்டி, பல்லை எண்ணிட்டு அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் அவனா ஏறி உட்கார்ந்தான். அழுதான்தான், வாயை மூடலை.

ரெண்டு நடை பஸ் செலவு, ஒரு முறைத் தண்ணியும் போச்சுன்னு மகனுக்குக் கோபம். சோறு உண்ணலைன்னா ஊசி போடச் சொல்லுவேன்னு தினமும் மிரட்டினது யாருங்க? நாங்கதானே.