தாமரையும் தோலும்

"இது பெரியார் மண், தாமரை மலராது" என்று நண்பர்கள் பெருமையடிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. வேலூர், ஆம்பூர் பக்கம் வந்து பாருங்கள். ஆடி மாசம் தெருவுக்குத் தெரு கூழ் ஊத்துறாங்க, வெள்ளிக்கிழமை மசூதி நிரம்புது, சாதி பார்க்காமல் சம்பந்தம் பேசுவதில்லை. 2022இல், தி.மு.க. ஆட்சியில், மாவட்ட நிர்வாகம் அறிவித்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவிலேயே மாட்டுக்கறிக்கு இடமில்லை. எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் விளக்கம் கேட்டது. விழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிப்போனது. பெரியார் மண்ணாம்! அப்படிச் சொல்லிக்கொண்டால் நம் வீட்டுச் சாதியைப் பேச வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பழமையில் ஊறிய ஊர்தான் இது. பக்தி இருக்கு, ஓட்டும் விழும் என்று பா.ஜ.க. போடும் கணக்கு இங்கே தோலில் இடிக்கிறது. தொழிற்சாலை முதலாளி பெரும்பாலும் பாய். உள்ளே தோல் பதனிடுபவரும் ஷூ தைக்கும் பெண்களும் காலனியிலிருந்தும் ஊரிலிருந்தும் வருகிறவர்கள். 2017 மே மாதம், வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. மதுரைக் கிளை அந்த மாதமே தடை விதித்தது. ஆனா பயம் பயம்தானே? மாடு சந்தைக்கு வரலைன்னா தோல் மண்டிக்கு எது வரும்? கோமாதா பேச்சு இங்கே சம்பளத்தில் கை வைக்கிற பேச்சு.

ஏ.சி.சண்முகத்தைப் பாருங்கள். வேலூரில் 2014இல் தாமரையில் நின்று 59,393 ஓட்டில் தோற்றார். 2019இல் இரட்டை இலை: வெறும் 8,141. 2024இல் மறுபடி தாமரை: 2 லட்சத்துக்கும் மேல். அ.தி.மு.க. பிரிந்ததால்தான் என்பார்கள். அந்த ஓட்டையும் சேர்த்துக் கூட்டினாலும் கதிர் ஆனந்தை எட்டவில்லை.