டேப்பெட் சத்தமும் சர்வீஸ் மேனுவலும்

"எஞ்சினைத் திறக்கும் முன் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்" என்று சொன்னால் பல பட்டறைகளில் சிரிப்புதான் பதில். "இருபது வருஷ அனுபவம், புத்தகம் எதுக்கு?" என்பார்கள். அனுபவம் பெரிய விஷயம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் காது அளவுகோல் ஆகுமா?

டேப்பெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் வருகிறது என்பார் வண்டிக்காரர். மெக்கானிக் சூடான எஞ்சினிலேயே இறுக்குவார். சத்தம் நின்றுவிடும், இருவருக்கும் சந்தோஷம். ஆபத்தே அங்கேதான் ஆரம்பம்! இடைவெளி தேவைக்குமேல் குறைந்தால், ஓடிச் சூடானதும் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும். பல 100 சிசி வண்டிகளில் அந்த இடைவெளி 0.1 மி.மீ.க்குள்தான். ஆறிய எஞ்சினில், பீலர் கேஜ் வைத்துப் பார்க்கவேண்டும். அளவோ மாடலுக்கு மாடல் மாறும். இது காதுக்குத் தெரியாது, மேனுவலில் இருக்கிறது.

போல்ட்டும் அப்படித்தான். அலுமினியக் கேஸில் ஏறும் 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10-12 நியூட்டன் மீட்டர் போதும். "இன்னும் கொஞ்சம்" என்று ஸ்பேனரை அழுத்தினால் மரை போய்விடும்.

பிறகு செலவு யாருக்கு? அந்த வண்டியில் சாப்பாடு டெலிவரி செய்து பிழைப்பவருக்கு. வேலையில்லாமல் நிற்கும் நாட்களும் அவர் கணக்கில்தான்.

வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் பதிவு போட்டால் முதல் வருட காமர்ஸ் மாணவன்கூடக் கேள்வி கேட்பான். அளவு பார்க்காமல் எஞ்சினை மூடினால் மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?

அடுத்தமுறை கேளுங்கள்: "டேப்பெட் எவ்வளவு வெச்சீங்கண்ணா?" பதில் எண்ணாக வரட்டும்.