கறுப்பு மருதோன்றி வேண்டாம்

மருதோன்றி இலை பச்சை, அரைத்த விழுதும் பச்சை. கை மட்டும் சிவப்பது ஏன்? குயினோன் என்னும் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்த லோசோன் என்ற பொருளே அதற்குக் காரணம். உலர்ந்த இலையில் இது நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்குதான் கிடைக்கும். இலைக்குள் வெல்லப் பொருளோடு பிணைந்து மறைந்திருப்பது, அரைத்துத் தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைக்க விடுபடுகிறது. பின் தோலிலும் நகத்திலும் மயிரிலும் உள்ள கெரற்றின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் சவர்க்காரத்துக்கும் போகாமல் நிற்கிறது. உள்ளங்கைத் தோல் தடிப்பு, ஆகவே அங்கே நன்றாகப் பிடிக்கும். கை சிவந்தால் புருஷனுக்குப் பிரியம் என்பதெல்லாம் வெறும் கதை.

மணப்பெண் அலங்காரத்தைச் சுயதொழிலாகச் செய்யும் சகோதரிகளே, இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். அசல் மருதோன்றி செம்மஞ்சளாகத் தொடங்கி ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும், கன்னங்கரேலென்று ஆகாது. சிறிது நேரத்திலேயே கறுக்கும் ‘கறுப்பு மருதோன்றி’யில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பரா-பினைலீன்டைஅமீன் கலந்திருக்கும். இதுவும் காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் குயினோனை ஒத்த பொருளாக மாறித் தோற்புரதத்தில் ஒட்டும். ஆனால் சிலரது உடல் இதைப் பகையாகக் கண்டு எதிர்க்கத் தொடங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் தலைமயிர்ச் சாயத்தில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படாமல் இதை அனுமதிக்கிறது. தோலில் வரைய அனுமதியில்லை. வெளிநாடுகளில் சோதித்த சில கறுப்பு விழுதுகளிலோ அதைவிடப் பல மடங்கு இருந்தது.

முதல்முறை பூசும்போது ஒன்றும் நடக்காமல் போகலாம். அதை நம்பித்தான் பலர் மறுபடியும் பூசுகிறார்கள். பிறகு வரைந்த கோலத்தின் வடிவிலேயே தோல் தடித்துச் சிவந்து கொப்பளிக்கும், தழும்பும் விழலாம். ஒருமுறை வந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் நிற்கும். பல வருடம் கழித்து நரைக்குச் சாயம் பூசினால் முகம், கண் எல்லாம் வீங்கிவிடக்கூடும். நாள் முழுக்க விழுதைக் கையாளும் உங்கள் விரல்களுக்கும் இதே ஆபத்துத்தான். “கறுப்பாகத்தான் வேண்டும்” என்று வாடிக்கையாளர் கேட்டால், மறுப்பதால் ஒரு நாள் வருமானம் போகலாம். இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

பச்சைக் குழந்தைகளுக்கு அசல் மருதோன்றியும் வேண்டாம். ஜீ6பீடீ என்னும் நொதியம் குறைவாகப் பிறந்த பிள்ளைகளில் லோசோன் தோலினூடாகச் சென்று செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். பிள்ளை வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்துப் போனால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள். மருதோன்றி பூசியதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்; பூசிய பக்கற் வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.