வீட்டுப் பட்டறை: காருக்குள் எழும் ஓசைகள்

சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு இம்மாதப் பக்கம் முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. நாகபுரியிலேயே வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். செகண்ட்ஹாண்டில் வாங்கிய காராம்; எஞ்சின் நன்றாகவே ஓடுகிறதாம். ஆனால் மேடுபள்ளம் கண்ட இடமெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று கடகடவென்று ஆடுகிறது. காலையில் வண்டியை எடுத்ததும் எங்கிருந்தோ கிறீச் கிறீச்சென்று வேறோர் ஓசை. பட்டறையில் கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று கூறி அனுப்பிவிடுகிறார்கள். கோடை விடுமுறையில் மாமியாரையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அவ்வண்டியிலேயே மதுரைக்குச் செல்ல உத்தேசம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஐதராபாத், பெங்களூர், சேலம் வழியாக ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். "அவ்வளவு தூரமும் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போக வேண்டுமா? வீட்டிலேயே செய்யத்தக்க பரிகாரம் ஏதும் உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு. உள்ளிருந்து வரும் ஓசைகளிற் பெரும்பாலானவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சில நூறு ரூபாய்ச் சாமான்களைக் கொண்டே போக்கிவிடலாம். ஆனால் அதற்கு முன் அவ்வோசை எதனுடையது என்பதை அறிந்தாக வேண்டும். அறியாமல் பஞ்சைத் திணித்து அடக்குவது, அழுகின்ற குழந்தைக்குப் பசியா, வயிற்று வலியா என்று பாராமல் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். ரயில்வேயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிச் செவி கொடுத்துக் கேட்கும் தொழிலாளர்கள் இருந்தார்கள். நல்ல சக்கரம் மணி போல் ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். அடியேன் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, சுத்தியல் பிடித்தவனல்லன். எனினும், கேட்ட பிறகே கை வைக்க வேண்டும் என்னும் அவர்கள் முறையை இங்கும் கைக்கொள்வது நலம்.

காருக்குள் எழும் ஓசைகள் இரண்டு இனம். இரு பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தியவாறு சற்றே ஒட்டி, சட்டென்று வழுக்கி, மீண்டும் ஒட்டி வழுக்கும்பொழுது பிறப்பது கிறீச்சொலி. பிடில் வில் தந்தியின்மேல் செய்வதும் இதே காரியந்தான். இரு பொருள்களுக்கிடையே இடைவெளி ஏற்பட்டு, வண்டி குலுங்கும்போது அவை முட்டிக்கொள்வதால் பிறப்பது கடகடப்பு. முன்னதற்கு வேண்டுவது வழுவழுப்பு அல்லது நடுவே ஒரு மெல்லிய துணிப்பட்டை; பின்னதற்கு வேண்டுவது இறுக்கம் அல்லது மெத்தை. இதை மாற்றிச் செய்தால் பயனில்லை. ஆடுகின்ற மூடிக்குக் கிரீஸ் தடவினால் அது கிரீஸோடு ஆடும், அவ்வளவே.

நம்மூர் வண்டிகளில் கிறீச்சொலி மிகுவதற்கு ஒரு விசேஷக் காரணமும் உண்டு. மே மாதத்தில் 45 டிகிரி வரை காயும் நாகபுரி, ஜனவரி விடியலில் 10 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு 30 டிகிரி சூடேறினால் சுமார் மூன்றிலொரு பங்கு மில்லிமீட்டரே நீளும். டாஷ்போர்டு முதலியவை செய்யப்படும் பிளாஸ்டிக்கோ அதே சூட்டில் அதைப்போல் பன்மடங்கு, இரண்டு மில்லிமீட்டர் வரையிலுங்கூட, நீளக்கூடும். பழைய தண்டவாளங்களுக்கிடையே எதற்காக இடைவெளி விட்டார்களோ அதே தத்துவந்தான். பிளாஸ்டிக் ஒரு கணக்கிலும், அதைத் தாங்கும் இரும்பு வேறு கணக்கிலும் நீண்டு சுருங்குவதால் விளிம்புகள் உரசுகின்றன. ஆகையால் காலையில் கேட்டு நண்பகலில் மறையும் ஓசை இப்பலகைகளினுடையதாக இருப்பதே அதிகம். அதைக் குறித்துக் கலங்க வேண்டியதில்லை.

இனித் தேடும் முறை. முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். கதவுப் பைகளிலுள்ள சில்லறை, மூக்குக்கண்ணாடிக் கூடு, இருக்கைக்கடியில் உருளும் தண்ணீர்ப் புட்டி, டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் மரையையும் திருகிப் பாருங்கள். நிரம்பப் பேர் டாஷ்போர்டைக் கழற்றத் துணிகிறார்களேயொழிய ஜாக்கியை அசைத்துப் பார்ப்பதில்லை. ஜாக்கி தன் கூட்டில் தளர்ந்திருந்தால் அதன் ஓசை பின்னிருக்கையிலிருந்து வருவது போலவே கேட்கும்.

பிறகு போக்குவரத்தற்ற கரடுமுரடான தெரு ஒன்றில், கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி. விசிறியையும் ரேடியோவையும் நிறுத்திவிட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுங்கள். ஓட்டுகிறவர் ஓட்டுவதோடு நிற்க வேண்டும். தேடுவது அவர் வேலையன்று. மற்றொருவர் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு பக்கத்திலும், அடுத்த சுற்றில் பின்னாலும் அமர்ந்து, கைக்கெட்டிய பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். எதை அழுத்தியபோது ஓசை நிற்கிறதோ அங்கே ஒரு சிறு காகிதத்தை ஒட்டி அடையாளமிடுக. கீச்சென்னும் நுண்ணிய ஓசைகளைக் குழந்தைகள் நம்மைவிட நன்றாகக் கேட்பார்கள்; பின்னிருக்கையில் ஒரு சிறுவன் இருந்தால் பாதி வேலை குறையும். சந்தேகமான இடுக்கின்மேல் காகித டேப்பை ஒட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் குற்றவாளி அகப்பட்டான்.

பரிகாரம் கண்டுபிடிப்பதைவிட எளிது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டை கிறீச்சிட்டால், ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, உலர்ந்தபின் சிலிக்கான் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவினால் போதும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில் ஆகியவற்றை ரப்பரில் இடலாகாது. மண்ணெண்ணெய் வகைகள் ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும். ஸ்பிரே டப்பாவை நேரே அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்கவும். அது மிதிகட்டைகளிலோ ஸ்டியரிங்கிலோ பட்டால் கால் வழுக்கும், கை வழுக்கும்.

முன்பெட்டியின் மூடி ஆடினால், நாற்காலிக் கால்களுக்கடியில் ஒட்டுவதற்கென ஹார்டுவேர்க் கடைகளில் விற்கும் ஃபெல்ட் துண்டை மூடி வந்து முட்டுமிடத்தில் ஒட்டுங்கள். ஒட்டுமிடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் நம் கோடையில் பசை இளகி இரண்டு வாரத்தில் விழுந்துவிடும். கதவுப் பலகையைக் கழற்ற நேர்ந்தால் இரும்புத் திருப்புளியை இடுக்கில் நுழைக்காதீர்கள். அதற்கென்றே பிளாஸ்டிக் நெம்புகோல்கள் கிடைக்கின்றன. குளிர்ந்த காலையில் கிளிப்புகள் ஒடியும். வண்டியைச் சற்று வெயிலில் நிறுத்திவைத்த பிறகே கழற்றத் தொடங்குக. ஒடிந்த கிளிப்பின் இடத்தில் புதியதைப் போடுங்கள். பசை தடவி ஒட்டுவது அடுத்த முறை கழற்றுபவருக்குச் செய்யும் துரோகம்.

இதுவரை சொன்னவற்றில் பிழை நேர்ந்தாலும் நஷ்டம் சொற்பம். இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதன்று.

எங்கள் குவார்ட்டர்ஸில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வண்டியில் மடக்கக்கூடிய பின்னிருக்கைச் சாய்மானம் கடகடத்தது. சாய்மானத்தின் கொக்கி, பக்கவாட்டிலுள்ள இரும்பு வளையத்தைக் கவ்வுமிடத்தில் வந்த ஓசை அது. நண்பர் சரியாகவே கண்டுபிடித்து, வளையத்தின்மேல் துணி டேப்பைப் பல சுற்றுச் சுற்றினார். ஓசை அறவே நின்றது. வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. சில நாள் கழித்து ஊருக்குப் புறப்படுவதற்காக டிக்கியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய மூத்த பெண் தற்செயலாகச் சாய்மானத்தைப் பற்றி இழுத்தாள். அது அப்படியே முன்னால் மடங்கி வந்துவிட்டது! டேப்பின் பருமனால் கொக்கி வளையத்தை முழுதும் கவ்வவேயில்லை. நிமிர்த்தி வைத்த சாய்மானம் வெறுமனே சாய்ந்து நின்றிருக்கிறது. நெடுஞ்சாலையில் அவர் திடீரென்று பிரேக் போட்டிருந்தால் டிக்கியிலிருந்த அத்தனை பெட்டிகளும் குழந்தைகளின் முதுகின்மேல் வந்து மோதியிருக்கும். கொக்கியில் டேப் சுற்றுவதானால் மெல்லியதாக ஒரே சுற்று. பிறகு சாய்மானத்தை இரு கைகளாலும் பலமாக நாலைந்து தடவை இழுத்துப் பார்ப்பது கட்டாயம். சில வண்டிகளில் கொக்கி சரியாக விழாவிட்டால் சிவப்பு அடையாளம் ஒன்று வெளியே தெரியும், அதையும் கவனிக்கவும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத அபாயம் காற்றுப்பைகளைச் சார்ந்தது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கும், 2021 ஏப்ரல் முதல் புதிதாக அறிமுகமாகும் வகைகளில் முன்னால் அமர்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டது. சில வண்டிகளில் இருக்கைகளின் பக்கவாட்டிலும், கூரையோரம் திரை போல் இறங்கும் வகையிலும்கூட உண்டு. ஏர்பேக் என்றோ, எஸ்.ஆர்.எஸ். என்றோ பொறித்திருக்கும் எந்த மூடியின்மேலும், கூரையையும் கதவையும் இணைக்கும் தூண்களின் மறைப்புக்குள்ளும், பஞ்சோ ஃபெல்ட்டோ திணிக்கலாகாது. விபத்தின்போது கண் இமைக்கும் நேரத்தில் விரிய வேண்டிய பை, நாம் அடைத்த பஞ்சினால் தடைப்படலாம். அல்லது ஒட்டி வைத்த பொருள் தெறித்து முகத்தில் பாயலாம். டாஷ்போர்டின்மேல் பிள்ளையாரை ஒட்டும் அன்பர்களும் மூடி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு அப்பால் ஒட்டுவது உசிதம். முன்னிருக்கைக்கடியிலும் ஸ்டியரிங் அருகிலும் மஞ்சள் நிற இணைப்புகளுடன் கூடிய ஒயர்கள் பெரும்பாலும் காற்றுப்பைக்குரியவை. அவற்றைக் கழற்றவே வேண்டாம். தூண் மறைப்பிலிருந்து ஓசை வந்தால் அது பட்டறைக்குரிய வேலை.

சகோதரியின் கடிதத்தில் "எங்கிருந்தோ" என்ற சொல் ஒன்று இருந்தது. அதுதான் என்னை உறுத்துகிறது. வண்டிக்கு அடியில் எழும் ஓசையும் உள்ளேயே எழுவது போல் கேட்கும். பிரேக்கை மிதித்தபோது மாறுகின்ற, ஸ்டியரிங்கைத் திருப்பியபோது மட்டும் வருகின்ற, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைகின்ற, சிறு பள்ளத்திலும் டொக்கென்று இடிக்கின்ற ஓசை எதுவாயினும் ஃபெல்ட்டுக்கும் கிரீஸுக்கும் அடங்குவதன்று. சஸ்பென்ஷன் இணைப்போ, பிரேக்கோ, சக்கர மரையோ காரணமாயிருக்கலாம். ஓட்டுநரின் இருக்கையே அசைந்தால் அதன் அடிப்போல்ட்டுகளைப் பார்த்தாக வேண்டும். 1,500 கிலோமீட்டர் புறப்படுமுன் இவற்றை வண்டியை உயர்த்தி வைத்துப் பார்ப்பித்தே தீர வேண்டும்.

பட்டறையில் "அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் வருவதற்கு நம் இந்தியும் ஓரளவு காரணம் என்பது என் அபிப்பிராயம். "ஆவாஜ் ஆதா ஹை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் என்னதான் செய்வார்? கடகடப்புக்கு "கட்-கட்" என்றால் அவருக்கு உடனே விளங்கும். கிறீச்சொலியை அவர்கள் "சீ-சீ" என்பார்கள். நம் செவிக்கு அது வேறு பொருள் தரினும் கூசாமல் சொல்லிவிடுங்கள். அத்துடன் எந்த வேகத்தில், எவ்வகைச் சாலையில், குளிரிலா வெயிலிலா, பிரேக் மிதித்தபோதா, எந்தப் பக்கம் என்பனவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு செல்க. ஓசை எழும்போது கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. அதையும் பக்கத்தில் அமர்ந்திருப்பவரே செய்யட்டும். இவற்றையெல்லாம் சொல்லியும் அவர் நம்பாவிட்டால், அவரையே பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு அந்தக் கரடுமுரடான தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.